மணிக்கு நூறு கிலோமீட்டரில் நடுங்கும் கைகள்

தாக் மன்சிக்கின் டாக்சி தொண்ணூறு கிலோமீட்டர் வேகம் வரைக்கும் நல்ல வண்டி. தொண்ணூற்றைந்தில் ஏதோ யோசிப்பது போல முனகும். நூறைத் தொட்டதும் ஸ்டியரிங் அவர் கைக்குள் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கும். நூற்றுப் பதினைந்தைத் தாண்டினால் ஆட்டம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். ஆனால் அந்த வேகத்தில் போனால் சாலையோரக் கேமரா படம்பிடித்து வீட்டுக்கே அனுப்பிவைக்கும். ஆக, மேற்குக் கடற்கரை விரைவுச் சாலையில் சட்டமும் பயணிகளும் ஒத்துக்கொள்கிற வேகம் எதுவோ, அந்த வேகத்தில் மட்டும்தான் வண்டி ஆடியது.

சோசானிலிருந்து இன்சோன் விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போவதுதான் மன்சிக்கின் பிழைப்பு. பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள் முதலில் கடலைப் பார்ப்பார்கள், அப்புறம் கைபேசியைப் பார்ப்பார்கள், அப்புறம் அவர் கைகளைப் பார்ப்பார்கள். மகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பிய ஓர் அம்மாள், "அண்ணே, உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று பரிவோடு கேட்டுவிட்டு, திரும்பி வரும்போது வேறு டாக்சி பிடித்துக்கொண்டார்.

மன்சிக்குக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சூசோக் பண்டிகைக்கு முந்தின வாரம், ஊருக்குப் போகிறவர்களின் வண்டிகளை இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று கார் கம்பெனிகள் கூவிக் கூப்பிடுமே, அப்படிக் கூப்பிட்டார்கள் என்று அவரும் போயிருந்தார். போகும்போது வண்டி ஆடவில்லை. வந்த மறுநாளிலிருந்து ஆடுகிறது. இலவசமாகக் கொடுத்தது இதுதானோ என்று அவருக்குத் தோன்றியது. கேட்டுவிடுவது என்று மறுபடி அங்கேயே போனார்.

அந்த இடத்தின் பெயர் தேபாரம் வாடிக்கையாளர் பேரின்ப மையம். பழுது என்ற சொல்லை அங்கே யாரும் உச்சரிக்க மாட்டார்கள். வாசலில் பெரிய பலகை: "அழுக்கான வாகனத்தைப் பரிசோதிப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் அவமரியாதை." அதனால் உள்ளே நுழைகிற எந்த வண்டிக்கும் வரவேற்புக் குளியல் உண்டு. மழைக்கோட்டு மாட்டிய இரண்டு பேர் முதலில் வண்டியைப் பார்த்து இடுப்பு வளையக் கும்பிடுவார்கள். பிறகு ஆளுக்கொரு தண்ணீர்த் துப்பாக்கியைச் சக்கரத்துக்குள் நுழைத்து, முன்ஜென்மப் பகை போலப் பீய்ச்சி அடிப்பார்கள். காலையில்தான் கழுவினேன் என்று மன்சிக் சொல்லிப் பார்த்தார். அதற்கும் ஒரு கும்பிடு கிடைத்தது.

வரவேற்பில் இருந்த யுன்பி என்ற பெண் கணினியைத் தட்டினாள்.

"எந்த வேகத்துல ஆடுதுங்க ஐயா?"

"நூறுல."

"நூறுன்னு போட முடியலைங்களே. இந்தக் கட்டத்துல அறுபது வரைக்கும்தான் எண் ஏறும்."

"அறுபதுல ஆடலையேம்மா."

"அப்ப ஆடலைன்னு போட்டுடவா?"

மன்சிக் பதில் சொல்வதற்குள் மேலாளர் நம்குங் வந்துவிட்டார். ஐம்பது வயது, வெள்ளைக் கையுறை, சட்டைப் பையில் ஐந்து பேனா. தானே ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லி டாக்சியில் ஏறினார். மையத்தைச் சுற்றி ஒரு வட்டம். நூடுல்ஸ் கடை, மழலையர் பள்ளி, இரண்டு வேகத்தடை, மறுபடி மையம். முள் ஒருமுறை ஐம்பத்தெட்டைத் தொட்டபோது நம்குங் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"நடுக்கம் தென்படலை" என்றார், இறங்கிக் கையுறையைக் கழற்றியபடி.

"விரைவுச் சாலைக்கு வாங்க மேலாளரே. பத்து நிமிஷம்தான். அங்க காட்டுறேன்."

"ஐயா, அறுபதுக்கு மேல போக எங்க விதியில இடமில்லை. ஊழியர் பாதுகாப்புதான் வாடிக்கையாளர் பாதுகாப்பு. பன்னெண்டு வருஷமா இந்த மையத்துக்கு வந்த ஒரு வண்டிகூட எங்ககிட்ட ஆடினதில்லை. தலைமை அலுவலகம் கேடயம் கொடுத்திருக்கு. எப்படிச் சாதிச்சோம்னு எல்லா ஊர்லேர்ந்தும் வந்து கேக்குறாங்க. ரகசியம் ஒண்ணுமில்லை ஐயா. ஆடுற வேகத்துக்கு நாங்க போறதே இல்லை."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளி வெட்கமும் இல்லை. நிஜமான பெருமை இருந்தது. மன்சிக் கேடயத்தைப் பார்த்தார். அதுவும் பளபளவென்று கழுவித்தான் இருந்தது.

வீடு திரும்பும் வழியில் சோதித்துப் பார்த்தார். இப்போது தொண்ணூற்றிரண்டிலேயே ஆட்டம் வந்துவிட்டது. கண்ணாடியில் தொங்கிய பாசிமணி மாலையும் சேர்ந்து ஆடியது.

சாட்சி இல்லாமல் இவர்களிடம் பேசி ஆகாது என்று முடிவு செய்து, மறுநாள் மனைவி ஓக்புன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து விரைவுச் சாலைக்குப் போனார். கைபேசியில் படம் எடு என்றார். ஓக்புன் வேகமானியையும் ஸ்டியரிங்கையும் ஒரே சட்டத்துக்குள் பிடித்து, இரண்டு நிமிடம் பேசாமல் எடுத்தாள். கல்யாணமாகி முப்பத்தேழு வருடத்தில் அவள் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்ததே மன்சிக்குக்குப் பெரிய சாட்சியாகப் பட்டது.

மறுபடி பேரின்ப மையம். மறுபடி கும்பிடு, மறுபடி குளியல். நம்குங் படத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்.

"இதுல ஸ்டியரிங் ஆடுறது தெரியுது" என்றார்.

மன்சிக்குக்கு உயிர் வந்தது. "அதைத்தானே நானும் சொல்றேன்!"

"ஸ்டியரிங் மேல உங்க கையும் இருக்கு ஐயா. கையும் ஆடுது. எது எதை ஆட்டுதுன்னு படத்துல இல்லை."

"கையை விட்டுட்டா ஓட்ட முடியும்?"

"அதுவும் எங்க விதிப்படி கூடாது. இன்னொண்ணும் கவனிச்சேன். படமே ஆடுது. எடுத்தது யாரு?"

"என் பொண்டாட்டி."

நம்குங் பேனாக்களில் ஒன்றை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். மன்சிக் எட்டிப் பார்த்தார். "குடும்பத்தில் பிறருக்கும் நடுக்கம்" என்று எழுதியிருந்தது.

மூன்றாவது தடவை அவராகப் போகவில்லை, கூப்பிட்டார்கள். நடுக்க ஆய்வுக் குழு அமைத்திருக்கிறார்களாம். குளியல் முடிந்ததும் அவரை ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள். வேறு வண்டியிலிருந்து கழற்றிய ஸ்டியரிங் ஒன்றை மேஜையில் திருகி வைத்திருந்தார்கள். அதன் நடுவே ஒரு கிண்ணம் தண்ணீர். எதிரே நம்குங், அவருக்கு இரு பக்கமும் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு கோட்டுக்காரர்கள். மன்சிக் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அரைமணி நேரம் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டும்.

பிடித்தார். தண்ணீர் அசையவில்லை. அவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்ததோ என்னவோ, பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

"வயசு என்னங்க ஐயா?"

"அறுபத்தி நாலு."

"சோஜு குடிப்பீங்களா?"

"ஞாயித்துக்கிழமை ரெண்டு கிளாஸ்."

"ரெண்டுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ரெண்டுதான்யா!"

"வீட்டம்மாவோட சண்டை உண்டா? இந்த வண்டி மேல உங்களுக்கு ஏதாச்சும் மனக்கசப்பு? கம்பெனி மேல?"

"இப்பத்தான் வருது!" என்று கத்தினார் மன்சிக். தண்ணீரில் ஒரு வளையம் எழுந்து கிண்ணத்தின் ஓரம் வரை போனது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

அறிக்கை மூன்றாம் நாள் தபாலில் வந்தது. வாகனம்: இயல்பு. ஸ்டியரிங்: இயல்பு. ஓட்டுநரின் கைகள்: நடுக்கம் உறுதி செய்யப்பட்டது. கீழே சின்ன எழுத்தில், வாடகை வாகனம் என்பதால் நகல் ஒன்று சொந்த டாக்சி ஓட்டுநர் சங்கத்துக்கு அனுப்பப்படுகிறது என்று இருந்தது.

சங்கத்தின் கடிதமும் பின்னாலேயே வந்துவிட்டது. இன்னும் பத்து நாளுக்குள் தகுந்த விளக்கம் தராவிட்டால் அவருடைய டாக்சி அனுமதி நிறுத்திவைக்கப்படும். அறுபத்தைந்து வயதாகப் போகிற ஒருவரின் அனுமதி ஒருமுறை நின்றால் மறுபடி கிளம்பாது என்பது ஊருக்கே தெரியும். மன்சிக்குக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. விமான நிலையத்துக்குப் போகிறவர்களின் பரபரப்பும் திரும்பி வருகிறவர்களின் தூக்கமும் அவருக்குப் பிடித்திருந்தது.

அதைவிட மோசம் வீட்டில் நடந்தது. ஓக்புன் அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அன்று சூப்பை அவர் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றினாள்.

"ஏன் பாதி?"

"சூடா இருக்குங்க."

"சூப்பு எப்பவும் சூடாத்தான் இருக்கும். சிந்திடுவேன்னு பயப்படுறியா?"

"நான் அப்படிச் சொன்னேனா? நீங்களா ஏதாவது கற்பனை பண்ணிக்காதீங்க." இப்படிச் சொல்லிக்கொண்டே மேஜைத் துணியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

மன்சிக் கறுப்புச் சோயாப் பயறு வறுவலைத் தட்டில் கொட்டச் சொன்னார். சாப்பாட்டு இரும்புக் குச்சிகளால் ஒவ்வொரு பயறாக எடுத்து வாயில் போட்டார். ஒன்று, இரண்டு, பத்து, இருபது. ஓக்புன் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோராவது பயறு நழுவி உருண்டு, மேஜைக்கு அடியில் போய் விழுந்தது. பயறு என்றால் நழுவத்தான் செய்யும், அதற்காக யாருடைய பிழைப்பும் போனதில்லை. ஆனால் அன்று முதல் மன்சிக் தன் கைகளைக் கண்காணிக்கத் தொடங்கினார். பல் தேய்க்கும்போது பார்த்தார். சட்டைப் பொத்தான் போடும்போது பார்த்தார். நூறில் ஸ்டியரிங் ஆடும்போது, ஒருவேளை நானேதான் ஆட்டுகிறேனோ என்று சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகம் வந்த அன்றுதான் அவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

இந்த நிலையில்தான் ஆணி குத்திய டயரோடு பாங் மல்சுன்னின் கடைக்குப் போய்ச் சேர்ந்தார். விரைவுச் சாலையில் ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. மல்சுன் ஐம்பத்தைந்து வயது விதவை. ஊரில் பாதி லாரிகளின் டயர் அவள் கைபட்டவை. இவர் இறங்கிய விதத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள்.

"என்ன அண்ணே, முகம் தொங்கிப் போயிருக்கு?"

"முதலாளியம்மா, என் கையைப் பாரு. நடுங்குதா?"

"உங்க கையை நான் எதுக்குப் பாக்கணும்? என்ன விஷயம்?"

சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டு, மூன்றே கேள்வி கேட்டாள்.

"ஸ்டியரிங் ஆடுதா, சீட்டு ஆடுதா?"

"ஸ்டியரிங்."

"அப்ப முன்சக்கரம். பிரேக் போட்டா கூடுதா?"

"இல்லை, ஒரே மாதிரிதான்."

"அப்ப பிரேக் தட்டு இல்லை. நூறுல வந்து, நூத்திப் பதினஞ்சுல போயிடுதா?"

"அப்படியேதான்!" ஒரு மாதத்தில் முதல்முறையாக யாரோ அவரிடம் வண்டியைப் பற்றிக் கேட்கிறார்கள்.

அவள் முன்சக்கரங்களைக் கழற்றி, ரிம்மின் உள்பக்கம் விளக்கடித்தாள். "இங்க பாருங்க அண்ணே. சக்கரம் ஒரே சீராச் சுத்தணும்னு உள்பக்கம் சின்னச் சின்ன வெயிட் ஒட்டியிருப்பாங்க. இந்தச் சதுரத் தடம் தெரியுதா? இங்க ஒண்ணு இருந்துச்சு. இங்க ஒண்ணு. அந்தச் சக்கரத்துல ஒண்ணு. மூணும் காணோம். எங்க குளிப்பாட்டினீங்க?"

"பேரின்ப மையத்துல."

"எத்தனை வாட்டி?"

"சூசோக்கையும் சேர்த்து நாலு."

மல்சுன் சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தகரமே அதிர்ந்தது. "அந்தத் தண்ணித் துப்பாக்கி லாரிச் சேத்தையே பேத்துடும், பசையில ஒட்டின வெயிட்டை விடுமா? நீங்க குறை சொல்லப் போகப் போக, அவங்க கழட்டி அனுப்பிட்டே இருந்திருக்காங்க!"

சக்கரத்தை எந்திரத்தில் மாட்டிச் சுழற்றினாள். எங்கே எத்தனை கிராம் குறைகிறது என்று அது காட்டியது. ஒட்டினாள், மறுபடி சுழற்றினாள், பூஜ்யம் வந்தது. மற்றதற்கும் அப்படியே. ஆணியைப் பிடுங்கி அடைத்ததையும் சேர்த்து இருபது நிமிடம். மன்சிக் விரைவுச் சாலையில் ஏறினார். தொண்ணூறு, நூறு, நூற்றுப்பத்து. ஸ்டியரிங் அசையவே இல்லை. வண்டியை ஓய்விடத்தில் ஓரங்கட்டி, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். அவை நல்ல கைகள், பாவம், அவற்றைப் போய்ச் சந்தேகப்பட்டுவிட்டார்.

மறுநாள் அறிக்கையை ரத்து செய்யச் சொல்லி மையத்துக்குப் போன் செய்தார்.

"ரத்து பண்ணணும்னா நடுக்கம் வண்டியிலதான் இருந்துச்சுன்னு நிரூபிக்கணுங்க ஐயா" என்றாள் யுன்பி. "வண்டியைக் கொண்டு வந்து ஆட்டிக் காட்ட முடியுமா?"

"சரியாயிடுச்சேம்மா! இப்ப எப்படி ஆட்டிக் காட்டுறது?"

"வண்டி ஆடலைன்னுதான் ஐயா அறிக்கையிலயும் இருக்கு. அப்ப அறிக்கை சரிதானே?" அவள் குரலில் நிஜமான அக்கறை இருந்தது. "வேணும்னா நேர்ல வாங்க, குளியல் இலவசம்."

மன்சிக் கைபேசியை வைத்துவிட்டார். சங்கம் கொடுத்த கெடுவில் மூன்று நாள்தான் பாக்கி. இதற்கிடையே தலைமை அலுவலகத்திலிருந்து வேறு தினமும் அழைப்பு. மையத்தின் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்கிற பேரின்ப அழைப்பு. அவர் எடுக்கவே இல்லை.

புலம்புவதற்கு மல்சுன்னிடம்தான் போனார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, அந்த நம்குங் வியாழக்கிழமை மத்தியானம் இங்க வருவாரு."

"இங்கயா? எதுக்கு?"

"அவரு வண்டிச் சக்கரத்தை நான்தான் பாக்குறேன். ஆறு வருஷமா."

வியாழக்கிழமை மன்சிக் டயர் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலோடு தின்றபடி காத்திருந்தார். சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து நின்றது. நம்குங்கேதான், கையுறை இல்லாமல். வண்டியின் நான்கு சக்கரத்திலும் சேறு அப்பிக் காய்ந்து கிடந்தது. ஆறு மழைக்காலத்துச் சேறு இருக்கும்.

மன்சிக் எழுந்து வந்தார். "மேலாளரே, ஊர் வண்டியெல்லாம் குளிக்குது. உங்க வண்டி மட்டும் ஏன் குளிக்கலை?"

நம்குங் திரும்பி ஓடுவதா, கும்பிடுவதா என்று தடுமாறி, கடைசியில் கும்பிட்டார். பழக்கதோஷம். "நேரம் கிடைக்கலைங்க ஐயா."

"ஆறு வருஷமாவா?" என்றாள் மல்சுன், ஜாக்கியை உருட்டியபடி. "அந்தத் துப்பாக்கிகிட்ட காட்டினா வெயிட்டு பறந்துடும்னு அன்னிக்கே சொன்னேன். மனுஷன் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு, அவரு வண்டிக்கு மட்டும்."

"அப்ப தெரிஞ்சேதான் என் வண்டியை நாலு வாட்டி அடிச்சீங்க" என்றார் மன்சிக்.

நம்குங் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஐயா, குளியலுக்கு மதிப்பெண் உண்டு. வெயிட்டு விழுந்தா அதுக்குன்னு எங்க படிவத்துல கட்டமே இல்லை. கட்டம் இல்லாதது எப்படி நடந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க."

"என் கை?"

"ஒரு நடுக்கம் வந்துட்டா அதை எங்கயாவது வைக்கணும் ஐயா. வண்டியில வெச்சா கம்பெனி பொறுப்பு. குளியல்ல வெச்சா மையம் பொறுப்பு. உங்க கைக்கு நாங்க யாருமே உத்தரவாதம் கொடுக்கலையே. அதான்…"

"பத்து நாளா என் வீட்டுல எனக்குப் பாதிக் கிண்ணம் சூப்புடா!" மன்சிக் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். "கட்டினவ என்னைச் சந்தேகமாப் பாக்குறா. என்னை நானே சந்தேகப்பட்டேன். உன் படிவத்துல அதுக்குக் கட்டம் இருக்கா?"

மல்சுன்தான் விலக்கிவிட்டாள். "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க மேலாளரே. இல்லைன்னா உங்க சக்கரத்துச் சேத்தைப் படம்பிடிச்சு நானே உங்க தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவேன்."

நம்குங் டயர் மேலேயே காகிதத்தை வைத்து எழுதினார். தவறு யார் மீதும் விழாமல் எழுதுவதில் அவர் கைதேர்ந்தவர். ஆய்வுக்குப் பயன்படுத்திய நாற்காலியின் ஒரு கால் குட்டை. நடுக்கம் நாற்காலியுடையது. ஓட்டுநரின் கைகள் முற்றிலும் இயல்பு. நாற்காலி மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படும். பையிலிருந்து முத்திரையை எடுத்து ஊதி ஊதி அழுத்தினார்.

மன்சிக் அதை நான்காக மடித்து உள்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"ஐயா, ஒரே ஒரு உதவி" என்றார் நம்குங். குரல் கம்மியிருந்தது. "பேரின்ப அழைப்பை நீங்க எடுக்கலையாம். இன்னிக்கு அஞ்சு மணியோட கணக்கு மூடுறாங்க. பத்து கொடுக்கலைன்னா என்னை வாசல்ல தண்ணித் துப்பாக்கி பிடிக்க அனுப்பிடுவாங்க." சொல்லும்போதே தலைமை அலுவலகத்தை அழைத்து, கைபேசியை மன்சிக்கிடம் நீட்டினார்.

"வணக்கம் ஐயா, பேரின்ப அழைப்பு. எங்க மையத்தோட சேவைக்குப் பத்துக்கு எத்தனை தருவீங்க?" என்றது ஒரு பெண்குரல்.

"பத்து" என்றார் மன்சிக்.

நம்குங் கண்ணை மூடி மூச்சுவிட்டார்.

"ரொம்ப நன்றிங்க ஐயா. நடுக்கம் முழுசா சரியாயிடுச்சா?"

மன்சிக் எதிரே பார்த்தார். முத்திரைப் பெட்டியை மூட முடியாமல் நம்குங்கின் பத்து விரலும் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

"என் வண்டியில சரியாயிடுச்சும்மா. ஆனா உங்க மேலாளர் எதிர்லதான் நிக்கிறாரு, ரெண்டு கையும் நடுங்குது. வேகம் பூஜ்யம். என்ஜினும் ஓடலை. என் கண்ணால பாக்குறேன்."

மறுமுனையில் தட்டச்சு ஓசை கேட்டது. "குறிச்சுக்கிட்டேன் ஐயா. இதை வாகனம்னு போடவா, ஓட்டுநர்னு போடவா?"

"ஓட்டுநர்னே போடும்மா," என்றார் மன்சிக். "அவரு வேலை பாக்குற இடத்துக்கு ஒரு நகல் அனுப்பிடு."